பவுனு கேட்காத பாதிப் பாட்டு

பவுனு போய்விட்டாள்.

விடிந்ததும் அவள் பேத்தி போன் செய்து சொன்னாள். காசிமேட்டில் அவள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். உள்ளே ஐஸ் பெட்டி. சுற்றிலும் பெண்கள். ஒருத்தியும் ஒப்பாரி வைக்கவில்லை...

நான் இங்கே எதுவும் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதுவதைப் படித்து லைக் போட்டுவிட்டுப் போகிற கிழவி. இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. 1950களில் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலில் காலேஜ் போன பெண் நான். அவள் அதற்குள் ஏழுமலைக்கு வாழ்க்கைப்பட்டு மீன் கூடை தூக்க ஆரம்பித்திருந்தாள்.

எங்களைச் சேர்த்து வைத்தது ராயபுரத்தில் அண்ணாச்சியின் மளிகைக் கடை கிராமபோன். அவரிடம் ஒரு நாடக செட் இருந்தது. ஒரு ராஜா ராணி கதை, முழுக்க முழுக்கப் பாட்டாகவே, தட்டு தட்டாக. சாயங்காலம் கடை வாசலில் கூட்டம் நிற்கும். ஆளுக்கொரு ருசி, ஆளுக்கொரு சண்டை.

ஹார்பரில் கரி மூட்டை தூக்கிய எங்கள் நைனாவுக்கு பபூன் பாட்டு மட்டும்தான். "ராணி அழுவறத நான் இன்னாத்துக்குக் கேக்கணும்? வூட்ல கேக்கறது பத்தாதா?"

அண்ணாச்சிக்கு ராஜா இழுக்கும் நீள ராகம். கண்ணை மூடிவிடுவார். அந்த நேரத்தில் பருப்பு கேட்டால் கிடைக்காது.

ஏழுமலைக்கு எதுவுமே ஆகாது. "கத்திக்குத்து வாங்கனவன் எங்கனாச்சும் பாடுவானா? இந்தப் பக்கம் பூரா சாவறான்... தட்டத் திருப்பிப் போட்டா இன்னும் செத்துகினே கீறான்!"

நான் புத்தகத்தை அணைத்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். என்ன பிடிக்கும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. (பாட்டு தொடங்குவதற்கு முன் ஆர்மோனியம் மட்டும் தனியாக வரும் இடம்...)

பவுனுவுக்குக் கடைசித் தட்டு. ராஜா செத்த பிறகு ராணி பாடும் ஒப்பாரி.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு திருவிழாவில் அந்த நாடகம் பார்த்தாளாம். ராணி முதல் அடியை எடுத்ததுமே அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாளாம். அந்த ஒரு அடி அவள் காதிலேயே தங்கிவிட்டது. மீதியைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆனால் ஆம்பளைகள் கடலில் இருக்கும்போது கரையில் ஒப்பாரி காதில் விழக்கூடாது. குப்பத்தில் அது சட்டம். எந்த நாளும் யாராவது கடலில் இருப்பார்கள். அதனால் அந்தத் தட்டு உறையை விட்டு வெளியே வந்ததே இல்லை.

ஒரு ஐப்பசியில் ஹார்பரில் புயல் கூண்டு ஏற்றினார்கள். யாரும் கடலுக்குப் போகவில்லை. கட்டுமரங்கள் எல்லாம் மணலில் கிடந்தன. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது.

பவுனு ஓடி வந்தாள். "அண்ணாச்சி, அல்லாம் கரைல கீது. இன்னிக்காச்சும் போடு."

"ஏட்டி, உன் மாப்ள எங்க?"

"நெட்டுக்குப்பத்துல அவுங்க அக்கா வூட்டுக்குக் கூர கட்டப் போய்க்கீறாரு. எங்க மரத்தத் தொட்டே பாத்துட்டு வர்றேன். போடு அண்ணாச்சி..."

அவர் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். ராணி எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் அழுதாள். வெளியே கடைப் பலகைகள் காற்றில் அடித்துக்கொண்டன. பவுனு கண் சிமிட்டாமல் நின்றாள்.

பாதிப் பாட்டில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். "பவுனு! உன் வூட்டுக்காரு கூர கட்டலடி... அவுங்க அக்கா புருசன் மரத்துல ஏறி, வுட்ட வலைய எடுக்கறோம்னு ரெண்டு பேருமா கடலுக்குள்ள போய்க்கீறாங்க. இன்னும் வர்ல."

அவள் தொட்டுப் பார்த்தது சொந்த மரத்தை. அவன் போனது மச்சான் மரத்தில்.

பவுனு சுற்றிக்கொண்டிருந்த தட்டின் மேல் கையை வைத்து அழுத்தினாள். கர்ர்ர்... ராணி பாதியில் நின்றாள். காற்று மட்டும் நிற்கவில்லை.

புயல் ஓய்ந்த பிறகு ஏழுமலை எர்ணாவூர் கரையோரமாக நடந்து வந்தான். தனியாக.

மச்சான் வரவேயில்லை.

அண்ணாச்சி அந்த செட்டையே பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். யாரும் கேட்கவும் இல்லை.

ரொம்ப நாள் கழித்து டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பவுனு சொன்னாள். "பாதிப் பாட்டு அவுங்க அக்கா புருசன எட்துகினு பூட்ச்சு. மீதி பாதி கீதுல்ல... அது யாருக்குன்னு தெர்லயே. நீ படிச்சவ. அப்டிலாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லேன்."

சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரைக்கும் அந்தப் பயம் போகவில்லை. டிவி சீரியலில் யாராவது அழுதால்கூட ரிமோட்டைத் தேடுவாள். நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்க மாட்டாள்.

அவளுடைய கடைசி மகன் விசைப்படகில் போயிருக்கிறான். ஒயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. படகைத் திருப்பிவிட்டேன் என்று ஒரு தடவை பதில் வந்தது... அதற்குப் பிறகு இல்லை. காலையிலிருந்து காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது.

இப்போது பேத்தி யூடியூபில் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அதே ராணி, அதே குரல்.

ஐஸ் பெட்டிப் பக்கத்தில் ஏழுமலை. எந்தப் பாட்டும் பிடிக்காத மனுஷன். "போடும்மா. அவ ஆசப்பட்டது அது ஒண்ணுதான். முழுசாக் கேட்டுட்டுப் போவட்டும்."

பேத்தி விரலை ஸ்கிரீன் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை. வாசலில் இருந்த பெண்கள் எல்லாம் கடல் பக்கம் திரும்பினார்கள். அவள் போனை வாங்கி என் மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

கொஞ்சம் பொறு பவுனு... உன் பிள்ளை கரையேறட்டும்.