கூரைக்கும் சுவருக்கும் நடுவில்

மில் மானேஜர் அறைச் சுவருக்குள் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறார்களாம், பக்கத்தில் மிஷின் ஓடுவது அவருக்குக் கேட்பதே இல்லையாம் என்று சுடலைமாடத்தி சொன்னதாகக் கிணற்றடியில் குருவம்மாள் சொன்னாள். சுடலைமாடத்தி அந்த அறையைக் கண்ணால் கண்டவளில்லை. ஆனாலும் சந்தனமேரி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

அவள் புருஷன் வேதமணி ராஜபாளையத்து மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தான். கொஞ்ச காலமாக இருமிக்கொண்டிருந்தான். இருமுகிறவனுக்குச் சயரோகம் என்று சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வேலை போனால் மில் கொடுத்த லயன் வீடும் போகும். தேவதானத்து வயல்களில் களையெடுத்து வளர்ந்தவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நல்லது அந்த வீடுதான். சுவருக்கு அந்தப் பக்கம், இருமுகிறவர்கள் பேரை ஆபீசில் எழுதிக் கொடுக்கிற மேஸ்திரி இருளப்பசாமி குடியிருந்தார்.

மில்லுக்குப் பின்னால் கொட்டுகிற கழிவுப்பஞ்சை முந்தியில் அள்ளி வந்தாள். கேட்டவர்களிடம் தலையணைக்கு என்றாள். பழைய சாக்குகளில் திணித்து, கோணி ஊசியால் தைத்து, சுவர் நெடுகத் தொங்கவிட்டாள். மேலே ஓலைப்பாய். அதற்கும் மேலே மாதா படம்.

"சுவத்துக்கு மெத்தை. எனக்குக் கட்டாந்தரை," என்றான் வேதமணி.

"இருமாம கெடங்க, உங்களுக்கும் தைக்கேன்."

மறுநாளே மேஸ்திரி மனைவி ஆவுடையம்மாள், "ஏட்டி மேரி, உன் மாப்பிள்ளைக்குச் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் குடு. இருமல் எங்க அடுப்பங்கரைக்கு விருந்தாட வருது," என்று சிரித்தாள்.

சந்தனமேரி வீட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். லயன் முழுவதற்கும் ஒரே ஓட்டுக்கூரை. நடுச்சுவர்களோ கூரையைத் தொடாமல் பாதியில் நின்றன. சத்தம் பூனை மாதிரி ஏறி அந்தப் பக்கம் குதித்துக்கொண்டிருந்தது. மண் பூசினால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். ஏணி போட்டு ஏறி, இடைவெளி நெடுகப் பஞ்சையே திணித்தாள்.

"சுக்குக்கு இருமல் கேட்டுருச்சு பாத்தியா!" என்றாள் ஆவுடையம்மாள். சந்தனமேரி அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் எலி ஓடினாலும் காற்று அடித்தாலும் பஞ்சுத் தூசி, கீழே படுத்திருந்தவன் மூக்கில் இறங்கியது. மில்லில் விழுங்கியது போதாதென்று வீட்டிலும். இருமல் கூடியது. கூடக்கூட அவள் இன்னும் திணித்தாள்.

ஒரு மத்தியானம், ஷிப்டுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டினவன் ரத்தமாகக் கக்கிச் சாய்ந்தான். சந்தனமேரி சுவரை ஓங்கி அறைந்தாள். கை சாக்கில் புதைந்தது. "யக்கா! யக்கோவ்!" ஒரு சத்தமும் இல்லை. வாசலுக்கு ஓடிப் பார்த்தால், அடுத்த வீட்டில் ஆவுடையம்மாள் சாவகாசமாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்லட்டி!" என்று முறத்தைப் போட்டுவிட்டு அவள் வேதமணியிடம் ஓடினாள். சந்தனமேரி மில்லுக்கு ஓடினாள்.

ஆபீசில் குமாஸ்தா தேவநேசன் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டு, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மேஸ்திரியும் அங்கேதான் நின்றார்.

"என்னட்டி அவனுக்கு?"

இத்தனை நாள் மறைத்ததை அவரிடமே சொல்ல வேண்டியதாயிற்று. "சயரோகம் அண்ணாச்சி. ரத்தம் கக்குதாரு."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? தெனமும் கேட்டுட்டுத்தான கெடந்தேன்? பேரை எழுதிக் குடுத்தேனா? லீவு வாங்கி மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு இருந்தேன். பொறவு சத்தம் நின்னுபோச்சு. சொகமாயிட்டான்னு விட்டுட்டேன்."

சந்தனமேரி கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் பஞ்சு இருந்தது.

"மணி அடிக்குது. யாரும் எடுக்கல," என்றார் தேவநேசன்.

"செத்த நேரம் அடிக்க விடுங்கய்யா," என்றாள் சந்தனமேரி.

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.