ஆர்டிஸ் எழுந்து நின்ற நாள்

ஆர்டிஸ் என் சின்னம்மா மகள். அவள் அப்பா வழி ஆட்கள் எல்லாரும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கோதுமை போட்டவர்கள். கால் உடைந்து கிடந்தாலும், கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். அந்த வம்சத்துக் குணம் அவளையும் விடவில்லை.

எங்கள் ஊர் முதியோர் காப்பகத்தில் இருந்தாள். செலவை அரசாங்கம் கொடுத்தது. யாருக்கு எவ்வளவு கைத்துணை வேண்டும் என்று பார்த்துத்தான் தொகை வைப்பார்கள். துணை அதிகம் வேண்டுமென்றால் பணமும் அதிகம். காப்பகம் சொல்வது நிஜமா என்று பார்க்க அதிகாரி ஒருவர் வருவார். ஆர்டிஸுக்கு இந்தக் கணக்கு தெரியாது. இதே காப்பகத்தில் இருந்த அவள் அண்ணன் யால்மர் நடக்க முடியாமல் போனதும் அவனைத் தூரத்து நகரத்துக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள்; அங்கே தனியாகவே செத்துப்போனான். அடுத்து தான்தான் என்று அவளுக்குக் குலைநடுக்கம்.

அன்று நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அதிகாரியின் குரல் கேட்டதும் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாள்.

"எதுக்காவது உதவி வேணுமாம்மா?" என்றார் அவர்.

"எனக்கா? நானே குளிப்பேன், நானே உடுத்துவேன். காபி குடிக்கிறீங்களா?" மேசையைப் பிடித்து எழுந்தே நின்றுவிட்டாள். முழங்கால் வெடவெடவென்று ஆடியதைப் பாவாடை மறைத்தது.

அவர் குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அவள் அப்படியே சரிந்தாள். நர்ஸ் லோர்னா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

"என்னம்மா கூத்து இது? ரெண்டு பேர் தூக்கினாத்தானே எந்திரிப்பீங்க!"

"சொன்னா யால்மர் மாதிரி அனுப்பிருவாங்கடி."

"இங்க ஆள் பத்தாமத்தான் அவரை அனுப்பினாங்க. நீங்க இப்படி மினுக்கினா பணத்தைக் குறைப்பாங்க, அப்புறம் ஆளைக் குறைக்கணும். கிழக்குப் பக்கத்து அறைகளை ஏற்கெனவே மூடியாச்சு. இதையும் மூடினா எங்க போவீங்க?"

அவள் முகம் வெளுத்து, உதட்டுச் சிவப்பு மட்டும் நின்றது.

"அதிகாரியைக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேத்து ஆம்பளை முன்னாடியா?" என்று என் கையை இறுக்கினாள். பிறகு, "கூப்பிடு," என்றாள்.

அவர் வந்தார். "பொய் சொல்லிட்டேன். என்னால முடியாது, பாருங்க," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். லோர்னாவும் இன்னொரு பெண்ணும் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோனார்கள். அவர் வாசலில் தலைகுனிந்து நின்றார்.

"இனி அனுப்ப மாட்டீங்களே?"

"பார்த்ததை எழுதுறேம்மா. தொகை வைக்கிறது தலைநகர்ல இருக்கறவங்க."

அவர் போன பிறகும் லோர்னாவின் கையை அவள் விடவே இல்லை.