பச்சைப் பெயின்ற் அடித்த சிலிண்டருடன் கொட்டாஞ்சேனைக்கு

கொழும்பைப் பற்றிப் பயணம் எழுதுகிறவர்கள் கடற்கரையையும் கொத்துரொட்டியையும் எழுதுவார்கள். நான் எழுதப் போவது வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரையான பத்துக் கிலோமீற்றரைப் பற்றி. 2008, சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமை. எனக்கு அங்கே நேர்த்திக்கடனும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. புல்லுக்குக் காற்று வாங்கப் போனேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

நான் விவசாயம் படித்தவள், முதுமாணி ஆய்வு மாணவி. வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு கூடிக்கொண்டே போனால் மாடு மேய்கிற புல்லுக்கும், அந்தப் புல்லைத் தின்னும் படைப்புழுவுக்கும் என்ன நடக்கும் என்பதுதான் என் ஆய்வு. யாழ்ப்பாணத்தில் வயலில் தொடங்கினேன். ஒரு அலுவலாகக் கொழும்புக்கு வந்த நேரம் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். வயலும் போயிற்று, அதுவரை செய்த வேலையும் போயிற்று. மேற்பார்வையாளர் தொலைபேசியில், "வெயில் விழுற இடம் ஒண்டு கிடைச்சாக் காணும், அங்கையே திரும்பத் தொடங்கும்" என்றார். இந்த முறையும் முடிக்காவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும். மூன்றாம் தரம் தொடங்க எனக்குப் பலமும் இல்லை, விடப்போகிறவர்களும் இல்லை.

வெயில் விழுந்த இடம், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடி. பிளாஸ்ரிக் தாளால் இரண்டு கூடாரங்கள் அடித்தேன். இரண்டிலும் சட்டிகளில் கினிப்புல், புல்லில் படைப்புழு. ஒன்றுக்குச் சும்மா காற்று. மற்றதற்கு, சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய் வழியே காபனீரொட்சைட்டு. சிலிண்டரை ஒரு தோழியின் சித்தப்பா, சோடாக் கடை வைத்திருந்தவர், கடையை மூடிக் கனடாவுக்குப் போகுமுன் தந்தார். அது தீர்ந்துகொண்டு வந்தது. ஒரு நிரப்பு நிரப்பினால் ஆய்வை முடித்துவிடலாம். நிரப்பாவிட்டால் எல்லாம் குப்பை. காஸ் இடையில் நின்ற கூடாரத்தின் முடிவை யாரும் ஏற்கமாட்டார்கள்.

வீட்டுக்காரர் நடேசன் அங்கிள் ஓய்வு பெற்ற இலிகிதர். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். வெள்ளவத்தையில் அந்த நாட்களில் பயப்படாதவர் யார்? சுற்றிவளைப்பு வரும் என்று ஒரு கதை அடிபட்டாலே வீடுகளில் பழைய கலண்டர், ஊர்ப் படம், எழுத்து உள்ள எதையும் எரிப்பார்கள், கிழிப்பார்கள், சுரண்டுவார்கள். எழுத்து இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்பது எங்கள் சனத்தின் கணக்கு. நான் புறப்படுவதற்கு முதல்நாள், நான் கடைக்குப் போயிருந்த நேரம், அங்கிள் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற்றை எடுத்துச் சிலிண்டர் முழுவதும் அடித்துவிட்டார். கழுத்தில் குத்தியிருந்த எழுத்துகளுக்குள்ளும் பெயின்ற் நிரம்பிவிட்டது.

"உதிலை என்னென்னவோ எழுதிக் கிடந்தது பிள்ளை. ஆமிக்காரன் வாசிச்சா என்ன நினைப்பான்? இப்ப பாக்க வீட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு" என்றார்.

அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து என்னால் ஏச முடியவில்லை. பெயின்ற் காய ஒரு இரவு எடுத்தது.

காலை ஒன்பது மணிக்கு ஓட்டோ பிடித்தேன். பஸ்ஸில் சிலிண்டரை ஏற்றமாட்டார்கள், முயலவும் வேண்டாம். ஓட்டோக்காரர் ரஞ்சன் கொட்டாஞ்சேனைக்காரர், போகவர, காத்து நிற்கவும் சேர்த்து ஆயிரம் ரூபாய் பேசினோம். பெற்றோல் விலையைப் பார்த்தால் அநியாயம் என்று சொல்லமாட்டேன். பம்பலப்பிட்டி வரை ஒரு பிரச்சினையும் இல்லை. கொள்ளுப்பிட்டி தாண்டி மறித்தார்கள். நான் அடையாள அட்டையையும், கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவையும் நீட்டினேன். சிப்பாய் சிலிண்டரைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில், "மொக்கத மே?" என்றான். நான் வாய் திறக்குமுன் ரஞ்சன், "சோடா காஸ், மாத்தயா, ஹிஸ்" என்றார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தட்டிக் காட்டினார். சிப்பாய்க்கு வெயில். போகச் சொல்லிவிட்டான்.

கோட்டைப் பக்கம் பாதை அடைப்பு, ஆகவே மருதானை சுற்றிப் போக வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், அவசரத்தில் போகாதீர்கள். தீயணைப்புச் சிலிண்டர்களுக்குக் காஸ் நிரப்புகிற பட்டறை, ஜம்பட்டா வீதியிலிருந்து இறங்குகிற ஒரு ஒழுங்கையில். முதலாளி சேவியர் அண்ணன் ஐம்பது வயது, கழுத்தில் சிலுவை, கதையில் இனிமை. சிலிண்டரைக் கண்டதும் அந்த இனிமை நின்றுவிட்டது.

"தங்கச்சி, இதில எழுத்து ஒண்டும் இல்லையே. உள்ளுக்க முந்தி என்ன காஸ் இருந்திச்சி?"

"காபனீரொட்சைட்டு தான் அண்ணன். சோடாக் கடைச் சிலிண்டர்."

"நீங்க சொல்லுறீங்க. சிலிண்டர் சொல்லோணுமே."

ஒரு கத்தியை எடுத்துக் கழுத்துப் பக்கம் பெயின்ற்றைச் சுரண்டினார். இரண்டு இலக்கங்கள் வந்தன. மற்றவற்றில் பெயின்ற் இறுகிப் போயிருந்தது. இன்னும் சுரண்டினார், உலோகம்தான் வெளுத்தது.

"எத்தனை அமுக்கம் தாங்கும் எண்டு தெரியாம நான் ஏத்தினா, வெடிச்சா, ஆர் பொறுப்பு? வெடிக்காட்டியும் இந்த நாளில என்ன பேர் வைப்பாங்க? கம்பஸில ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்க."

"கம்பஸ் பாதைக்கு அங்கால கிடக்கு அண்ணன்."

"அப்ப பாதை துறக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு தேத்தண்ணீரும் வாங்கித் தந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நிரப்பியிருக்கமாட்டேன். அதுதான் என்னை இன்னும் எரித்தது, திட்டுவதற்கு ஒரு ஆள் இல்லை.

திரும்பும் வழியில், காலையில் விட்ட அதே இடத்தில் மறித்தார்கள். இப்போது வேறு சிப்பாய், வேறு கண். காலையில் அது முழுக்கப் பச்சையான ஒரு சாமான். இப்போது கழுத்தில் புதிதாகச் சுரண்டிய தடம். யாரோ இலக்கத்தை அழிக்கப் பார்த்தது போலவே இருந்தது. நாங்கள் எழுத்தைத் தேடிச் சுரண்டினோம் என்று சொன்னால் யார் நம்புவார்? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

எங்களைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அரைவாசி சிங்களத்தில், அரைவாசி ஆங்கிலத்தில். ஏன் பெயின்ற் அடித்தாய் என்று கேட்டார். உங்களுக்குப் பயந்து என்று எப்படிச் சொல்வது? துருப்பிடிக்காமல் இருக்க என்றேன். பிறகு ஆய்வைக் கேட்டார். மாடு, புல், புழு என்று சொல்லச் சொல்ல, எனக்கே அது ஒரு மோசமான பொய் போலக் கேட்டது. "யுத்தம் நடக்கும்போது புழு வளர்க்கிறாயா?" என்றார். ஓம் என்றேன். ரஞ்சனையும் பக்கத்து வாங்கில் இருத்திவிட்டார்கள். அவருடைய அன்றைய உழைப்பு என்னால் போயிற்று. அவர் ஒருமுறையும் என்னை ஏசவில்லை.

பொலிஸார் தொலைபேசியில் கூப்பிட, நடேசன் அங்கிள் பின்னேரம் வந்தார். கச்சேரிக்கு அரசாங்க அலுவலாகப் போகிறவர் மாதிரி அயன் பண்ணிய சட்டை, கையில் வீட்டு உறுதிப் பத்திரம், எங்கள் எல்லோருடைய பதிவுத் துண்டுகள். அவர் எங்களுக்குப் பொறுப்புச் சொன்ன பிறகு விட்டார்கள். சிலிண்டரை வைத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது அது ஒரு மூலையில் நிற்பதை அங்கிள் பார்த்தார்.

"நான் உதைத் தொட்டிருக்கக் கூடாது, என்ன பிள்ளை?"

"இல்லை அங்கிள். என்ரை வேலை அதுக்கு முந்தியே கெட்டுப்போச்சு" என்றேன். பொய்தான். அறுபத்தெட்டு வயது மனிதருக்கு வேறு எதைச் சொல்ல?

வீட்டுக்கு வந்து மாடிக்கு ஏறினோம். காஸ் கூடாரத்துப் புல் மற்றதைவிட உயரமாக, பச்சைப் பசேல் என்று நின்றது.

"உவ்வளவு நல்லா நிக்குது! மாட்டுக்காவது போடலாமே" என்றார் அங்கிள்.

அவருக்கு விளங்கப்படுத்தினேன். உயரம்தான், உள்ளே சத்துக் குறைவு. மாடு வயிறு நிறையத் தின்னும், உடம்பில் பிடிக்காது. புழுவுக்கும் அதே கதி, ஆகவே அது சத்துத் தேடி இன்னும் இன்னும் தின்னும். புல் வளர்கிறது என்று நாங்கள் சந்தோசப்படுவோம், அதற்குள் புழு முழுவதையும் முடித்துவிடும். இதைத்தான் தராசில் நிறுத்துக் காட்டப் பார்த்தேன்.

அங்கிள் கூடாரத்துக்குள் கைவிட்டு ஒரு இலையைத் தடவினார். "ரோட்டுப் புகையைப் பிடிச்சு உள்ளுக்கு விடேலாதோ?" என்று கேட்டார். பாவம், ஏதாவது செய்து தீர்த்துவிடலாம் என்று அந்த மனிதர் இன்னும் நம்பினார். இல்லை என்று சொல்லிவிட்டு நான் அழுதேன். ஒளித்து அழவில்லை, அவர் முன்னாலேயே. அடுத்த நாள் புழுக்களைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுக் கொன்றேன். வெளியே விட முடியாது, பக்கத்து வீடுகளில் எது கிடைத்தாலும் தின்றுவிடும்.

இதே வழியில் இதே மாதிரிச் சாமானோடு போகிறவர்களுக்குச் சில சொல்லி வைக்கிறேன். சிலிண்டரில் உள்ள எழுத்துகளை யாரும் தொட விடாதீர்கள், வாங்கிய கடையின் துண்டையும் கூடவே வைத்திருங்கள். கடிதம் எடுக்கக்கூடியவர்கள் மூன்று மொழியிலும் எடுங்கள். காலையில் போய் மதியத்துக்குள் திரும்புங்கள். ஓட்டோக்காரருக்குப் பேசியதற்கு மேல் கொடுங்கள், அவர் உங்களோடு உள்ளே இருக்க நேரலாம். சிலிண்டரைப் பறித்துவிட்டால் திருப்பிக் கேட்டுப் போகாதீர்கள். நான் போகவில்லை.

ஆய்வு முடிவு என்ன என்று கேட்டுச் சிலர் எழுதுகிறீர்கள். என் கூடாரத்தில் காஸ் நின்றதால் முடிவு இல்லை. வெளியே அது நிற்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சோதனைச் சாவடியிலும் நிற்காமல், நான் சிலிண்டரில் கொண்டுவரப் பார்த்த அளவுக்கு அது தானாக ஏறிக்கொண்டிருக்கிறது. புல் உயரும், புழு இன்னும் இன்னும் தின்னும், மாடு மெலியும். அதைப் பார்க்க நீங்கள் பயணம் ஒன்றும் போக வேண்டாம். இருக்கிற இடத்திலேயே இருங்கள், அது வரும்.