ஞாயிற்றுக்கிழமையில் வந்த அமாவாசை

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் வெளியே சாப்பிடப் போனோம்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இப்படிக் கிளம்பியதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சண்டையெல்லாம் இல்லை. லீவுதான் பிரச்னை! அவர் பட்டு நெய்கிறவர். காஞ்சிபுரத்தில் தறிக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது, அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு தறிச் சத்தம்கூடக் கேட்காது. எனக்கோ தினமும் டிரெயினில் போய் வருகிற சென்னை இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அங்கே ஞாயிறு மட்டும்தான் லீவு. இரண்டும் ஒரே நாளில் வந்தால்தான் எங்களுக்கு விமோசனம். எப்போதாவது அப்படி வரும். வந்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல், நாத்தனார் வீட்டில் வளைகாப்பு... ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நிற்கும்.

இந்த முறை எதுவும் வரவில்லை. மகன் ஹாஸ்டலில். ஊரில் உணவுத் திருவிழா வேறு! எந்தப் புடவை கட்டுவது என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், பட்டு நெய்கிறவர் பெண்டாட்டிக்கும் இந்தக் கவலை உண்டு.

சாயங்காலம் ஐந்தரைக்கே மைதானத்துக்குப் போய்விட்டோம். நுழைந்ததும் ஆற்காடு பிரியாணி. அடுத்து மீன் வறுவல். அதற்கும் அடுத்து மட்டன் சுக்கா. என் வீட்டுக்காரர் பிரியாணி என்றால் உயிரை விடுவார். கடைக்காரர் அண்டாவைத் திறந்ததும் இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா... இன்னிக்கு அமாவாசையாச்சே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில்தானே மாமனாருக்குப் படையல் போட்டு, காக்காவுக்குச் சோறு வைத்தோம்? கவிச்சியை எப்படித் தொடுவது? மூன்று வாரமாக நாளைப் பார்த்தேனே தவிர, அன்றைக்கு என்ன சாப்பிடலாம் என்று பார்க்கவில்லை! நெசவுக்காரர் வீட்டில்தான் இப்படி ஏமாற முடியும்.

"வாங்கண்ணே, ஒரு பிளேட் போடட்டா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம்பா. சும்மா மோந்துக்கினு போறேன்."

கோயில் இட்லி என்று போர்டு வைத்த கடைக்குப் போனோம். ஒரு விள்ளல் வாயில் போட்டதுமே, "மந்தாரை இலையில வேவலமா இது. டம்ளர்ல ஊத்திக்கீறாங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இனிப்புக் கடையில் மக்கன் பேடா வாங்கினேன். "நீ சாப்டுமா" என்று தன் பங்கையும் எனக்கே கொடுத்தார். பாசம் பொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பசி அடங்கவில்லை. பக்கத்திலேயே ஒரு சைவ ஓட்டலுக்குப் போய் எதிரெதிரே உட்கார்ந்தோம். வீட்டில் நாங்கள் இப்படி உட்கார்ந்ததே இல்லை. விடிகாலை டிரெயினுக்கு நான் ஓடும்போது அவர் தறிக்குழியில் காலை இறக்கியிருப்பார். நான் திரும்பி வருவதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார்.

சர்வர் வந்து நின்றார்.

"உனுக்கு இன்னாமா புடிக்கும்?" என்றார் இவர்.

இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது? சுருக்கென்றது. எனக்கு ரவா தோசை சொன்னேன். பிறகு, எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்ட வேண்டாமா — "சாருக்குப் பூரி. அப்புறம் ஒரு காபி, சர்க்கரை தூக்கலா" என்றேன்.

"சர்க்கரை வேணாம்பா" என்று சர்வரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உட்டு நாலு மாசம் ஆவுதுமா. டாக்டர் சொல்லிட்டாரு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். சாயங்காலம் அசந்து போய் வர்ற. காலைல ஓடிக்கினே இருக்குற. எப்ப சொல்றது?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்! டிரெயினில் ஒவ்வொரு நாளும் அவரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் 'சாப்டீங்களா?' என்ற ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துவிடும். அவரும் தறியில் உட்கார்ந்து எனக்காகச் சேர்த்து வைத்திருந்தாரா? எனக்கு அது தோன்றியதே இல்லை.

அப்புறம் பேசினோம் பாருங்கள்... பக்கத்து டேபிளில் இரண்டு குடும்பம் வந்து சாப்பிட்டுப் போய்விட்டது. அவருடைய சர்க்கரை, என் முழங்கால் வலி, மகனின் அரியர்ஸ். நடுநடுவே சிரிப்பு வேறு.

வெளியே வரும்போது கேட்டேன். "அடுத்து எப்பங்க ஞாயித்துக்கெழமைல அமாவாசை வருது?"

"இப்போதிக்கு இல்லமா" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நீ ஒரு நாள் லீவு போட்டா இன்னா?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஏன், நீங்க ஒரு ஞாயிறு தறியை நிறுத்தக் கூடாதா?"

"நான் ஒக்காரலன்னா தம்பியும் சும்மா இருக்கணுமேமா."

அதுவும் உண்மை. எங்கள் வீட்டுத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். இவர் புடவையின் உடலை நெய்ய, கொழுந்தனார் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூலை நாடாவில் கோத்து வீசுவார். ஒருவர் எழுந்தால் இன்னொருவருக்கும் வேலை இல்லை.

அப்படியானால் நான்? கல்யாணத்துக்கு லீவு போட்டிருக்கிறேன். சாவுக்குப் போட்டிருக்கிறேன். கொழுந்தனார் பெண்ணின் காதுகுத்துக்குக்கூடப் போட்டேன். கூடவே இருக்கிற மனுஷனோடு இருப்பதற்கு லீவு போடலாம் என்று ஒரு நாளாவது தோன்றியதா? நமக்கெல்லாம் ஊரார் விசேஷம்தான் விசேஷம். நம் ஆசைக்குப் பஞ்சாங்கமே பார்த்து ஒரு நாள் ஒதுக்கித் தர வேண்டும்!

திங்கட்கிழமை முதல் வேலையாக லீவு லெட்டர் எழுதி மேனேஜரிடம் நீட்டினேன். தேதியைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரையும் பார்த்தார்.

"அமாவாசையா? திதி ஏதாவது குடுக்கணுமா மேடம்?"

"இல்ல சார். வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் பேசணும்."