இருபதாம் தேதி, சனிக்கிழமை

காலை எட்டு மணிக்கு அச்சகத்தின் மாடியேறினால் எனக்கு அடுத்த வருஷம் பிறந்துவிடும். தினசரி காலண்டர் தாள்களுக்குப் புரூப் பார்ப்பது என் வேலை. தேதி, கிழமை, திதி, ராகுகாலம் என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். மூன்று மணிக்கு இறங்கினால் மறுபடி இந்த வருஷம். அடுத்த தெருவில் பட்டாசுக் குடோனில் இரவு எட்டு வரை லோடு சீட்டு எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்கு விடுமுறை, குடோனுக்குக் கிடையாது.

என் கணவர் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் வேலைக்குப் போய் வந்து, சாயங்காலம் பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர். தீபாவளி சீசனில் கம்பெனி ஞாயிறும் ஓடும். மாசத்துக்கு ஒரு நாள் லீவு. அதையும் தேதி சொல்லி முன்கூட்டியே வாங்க வேண்டும்.

போன வருஷம் மகளுக்குக் காய்ச்சல் நிற்காமல் அடித்தபோது, இருக்கன்குடிக் கோயிலில் மொட்டை போடுவதாக அவர் வேண்டிக்கொண்டார். இருவரும் சேர்ந்து போக ஒரு நாள் அகப்படவில்லை. முடியில் யாரும் கத்திரி வைக்கவில்லை. சிக்கெடுக்கும்போதெல்லாம் பிள்ளை அழுதாள். புரட்டாசி பிறக்கும் முன்பே அவர் என்னிடம் கேட்டார். இருபதாம் தேதி ஞாயிறு வருகிறது, சொல்லிவையுங்கள் என்றேன். கம்பெனியிலும் கடையிலும் அவர் இருபது என்று சொல்லிவைத்தார். நான் குடோனில் ஞாயிறு என்று சொல்லிவைத்தேன்.

வியாழக்கிழமை காலை, சாதம் வேகும் நேரத்தில், எங்கள் வீட்டுக் காலண்டரில் நாலு நாள் தாள் கிழிக்காமல் கிடந்ததைப் பார்த்தேன். நாலையும் கிழித்தேன். பதினெட்டு, வியாழன். அப்படியானால் இருபது சனிக்கிழமை.

பள்ளிக்கூட நாளிலிருந்து தினம் இரண்டு வரி டைரி எழுதுகிறவள் நான். எடுத்துப் பார்த்தேன். அடுத்த வருஷத்துச் செப்டம்பர் தாள்களைப் பார்த்து முடித்த அன்று என் கையாலேயே எழுதியிருந்தது: இருபது, ஞாயிறு, இருக்கன்குடி.

வேன் வர ஐந்து நிமிஷம் இருந்தது. அவரிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏ புள்ள, ஊருக்கெல்லாம் நாள் பாத்துக் குடுக்குற. நமக்கு ஒரு நாளு சரியாப் பாக்க முடியல."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது. இரவு வந்து சொன்னார்: லீவை ஞாயிறுக்கு மாற்றிக் கேட்டுப் பார்த்தாராம். அன்றைக்கு ஏற்கெனவே மூன்று பேர் லீவு, முடியாது என்று போர்மேன் சொல்லிவிட்டாராம். நான்தான் சனிக்கிழமை லீவு கேட்க வேண்டும். குடோனில் ஆள் மாற்றிவிட ஒரு பெண் ஒப்புக்கொண்டாள். அச்சகத்தில் என்ன சொல்வது? தேதியைக் குழப்பிக்கொண்டேன் என்று புரூப் பார்க்கிறவள் சொன்னால், அடுத்த நாளே அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காரும். காய்ச்சல் என்று சொல்லலாம். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பொய்யை நாக்கில் வைத்துக்கொண்டே மார்கழி மாதத்தைப் பார்த்தேன். பார்த்த தாளையே இரண்டாம் தடவை பார்த்தேன். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் எழுந்து மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் அடுத்த வருஷத்துத் தாளை உருவி எடுத்துப் பார்த்தார்.

"இருபது ஞாயிறுதான போட்டிருக்கு. வேலையச் சரியாத்தான் பாத்திருக்கீக. போயிட்டு வாங்க. ஞாயித்துக்கெழம வந்து தொறந்து விடுறேன், மிச்சத்த முடிச்சுருங்க."

ஆக, குடோனில் வாங்கிய ஞாயிறும் போயிற்று.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குள் மொட்டை போட்டாயிற்று. பிள்ளை அழவில்லை, தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரை மரத்தடியில் உட்கார்ந்தோம். அவரிடம் பேச வேண்டியவற்றை மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: ஒரு வேலையை விட்டுவிடலாமா, எதை விடலாம், யார் விடலாம். முதல் பேச்சை எடுக்கத் திரும்பினேன். அவர் துண்டை விரித்துத் தூங்கிவிட்டிருந்தார். எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். பரோட்டா மாவு அவர் நகக்கண்ணில் காய்ந்திருந்தது. கொஞ்சம் போகட்டும் என்று பிள்ளையை அணைத்துக்கொண்டு பக்கத்தில் சாய்ந்தேன்.

மகள் உலுக்கியபோது வெயில் காலுக்கு வந்திருந்தது. மத்தியான பஸ்ஸைப் பற்றி இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டோம்.

அன்றைய டைரியில் இருக்கிறது: இருபது, சனி. மொட்டை. மூன்று மணி நேரம் தூங்கினோம். பேசவில்லை.