ஏப்ரலில் சொன்ன உண்மை

வெண்டல் க்ராப்புக்கு வாய் அதிகம். ஈரி அணியில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவருடைய கண்ணைப் பற்றி அப்புறம்தான் பேச்சு வரும். டகோட்டா, நெப்ராஸ்கா பக்கத்துச் சின்னக் கல்லூரிகளுக்குப் போய், அமெரிக்கக் கால்பந்து ஆடும் பையன்களில் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று பார்த்துச் சொல்லும் ஸ்கவுட் வேலை அவருக்கு. சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைக் காப்பிக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருபது வருஷத்துக்கு மேல் கார் ஓட்டிவிட்டார். "கல்யாணம் என்னோடயா, அந்த வண்டியோடயா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனைவி லொரெய்ன், இப்போதெல்லாம் டயரில் காற்று இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்கிறாள்.

ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் வரும். கல்லூரி முடித்த ஆட்டக்காரர்களை எல்லா அணிகளும் முறை வைத்துப் பொறுக்கிக்கொள்ளும் திருவிழா அது. தன் முறையை இன்னொரு அணிக்கு விட்டுக்கொடுத்துப் பின்னால் போகலாம். அதற்கு ஈடாக வேறொரு முறையும் கூடக் கிடைக்கும். ஈரி அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஸ்கவுட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு சிவப்புக் காந்தம் தருவார்கள். சுவர்ப் பலகையில் ஒரு பெயர்மேல் அதை ஒட்டினால், 'இவன் விஷயத்தில் சொதப்பினால் என் வேலை போகட்டும்' என்று அர்த்தம். பெரும்பாலோர் அதைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இத்தனை வாய் பேசும் வெண்டலும் அப்படித்தான்.

இந்த வருஷம் ஒட்டினார். டோபி ஓஸ்ட்லண்ட் என்ற பெயர்மேல்.

பந்தெறிபவனை எதிரிகள் வந்து சாய்க்காதபடி மறித்து நிற்கும் தடுப்பாளன் டோபி. அப்படி ஒருத்தன் இல்லாமல்தான் ஈரியின் பந்தெறிபவன் போன வருஷம் தோள் உடைந்து பெஞ்சில் உட்கார்ந்தான். ஆனால் டோபிக்குக் கை குட்டை என்று எல்லா அணிகளும் அவனைத் தள்ளி வைத்திருந்தன.

"குட்டைன்னுதானே அளந்து போட்டிருக்காங்க?" என்றார் தலைமை மேலாளர் டெரல் பிங்கம். வெண்டலைவிட இளையவர், எதையும் கணக்குப் போட்டே செய்பவர்.

"அளக்கிறது வலது கைய மட்டுந்தான். சின்ன வயசுல டிராக்டர்லேர்ந்து விழுந்து முழங்கை முறிஞ்ச கை அது, முழுசா நீளாது. இடது ஓரத்துல நிக்கிறவனுக்கு இடது கைதானே முக்கியம்? அத நான் அளந்தேன். கொரில்லா தோத்துப்போகும்."

"சரி, நம்ம பத்தொன்பதாவது முறையில எடுத்துடலாமா?"

"எதுக்கு? அத வித்துட்டு முப்பதுக்குப் போங்க. இன்னொரு முறையும் கைக்கு வரும், பின்வரிசைக்கும் ஆள் வேணும்ல. அதுவரைக்கும் இவன எவனும் தொடமாட்டான்."

டெரல் பலகையைப் பார்த்தார். "இருபத்தொன்பதாவது முறை ஸ்போக்கேன் அணியோடது. அவங்களுக்கும் தடுப்பாளன் வேணும். அங்க ஸ்கவுட்டா கஸ் இருக்காரு, உங்க ரோட்டுலேயே வண்டி ஓட்டுற மனுஷன். அவருக்கு இந்தக் கை விஷயம் தெரியாதா?"

"தெரியும். நான்தான் சொன்னேன்."

அறையில் ஒருவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"ஃபார்கோவுல ஒரு கடையில ஆப்பிள் பை தின்னுக்கிட்டிருந்தோம். 'டோபிதான் நான் பார்த்ததுலேயே ஒசத்தி. இடது கைய அளந்து பாரு. நாங்க எடுக்கப்போறோம்'னேன்."

பொய் சொன்ன வாய்க்குப் பொரியும் கிடைக்காது என்பார்கள். ஏப்ரல் மாதத்தில் ஸ்கவுட்டுகளுக்குப் பொய்தான் சோறு போடுகிறது. உதவாக்கரையை ஆகா என்பார்கள், ஆசைப்படுகிறவனை நொண்டி என்பார்கள். கஸ்ஸும் வெண்டலும் இருபது வருஷமாக ஒருவருக்கொருவர் ஒரு உண்மையும் சொன்னதில்லை. வெண்டல் புகழ்ந்தால் கஸ் அந்தப் பெயரை அடித்துவிடுவார்.

"ஒருவேளை நம்பிட்டாருன்னா?"

"அப்ப காந்தம் என் தலைல. லொரெய்ன் சந்தோஷப்படுவா."

 டிராஃப்ட் அன்று சாயங்காலம் டெரல் பத்தொன்பதாவது முறையைக் கொடுத்து, முப்பதையும் கூட ஒரு முறையையும் வாங்கினார்.

பெயர் பெயராக அறிவித்துக்கொண்டு வந்தார்கள். வெண்டலின் வாய் அன்றுதான் மூடியிருந்தது. விதைப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. இருபத்தெட்டும் போனது. ஸ்போக்கேன் தனக்குள்ள நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.  கஸ் கடைசியில் அந்தக் கையை அளந்தே தொலைத்துவிட்டானோ என்று வெண்டலுக்குத் தோன்றியது. மேடையில் இருந்தவர் சீட்டைப் பிரித்தார். ஸ்போக்கேன் எடுத்தது ஒரு தடுப்பாளனைத்தான். ஆனால் வேறு ஒருவனை.

அறையே எழுந்து கத்தியது. டெரல் தொலைபேசியை வெண்டலிடம் நீட்டினார். "டோபிய நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க."

"சார், ஒரு நிமிஷம்," என்றான் டோபி மூச்சு வாங்க. "மாடு கன்னு போடுது. பாதி வெளியில இருக்கு."

"எந்தக் கையால இழுக்குற?"

"இடது கையால."

"நல்லா இழு. நான் காத்திருக்கேன்." வெண்டலின் கண்ணில் நீர் முட்டியது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அந்தப் பருவம் முழுக்க ஈரியின் பந்தெறிபவன் சட்டையில் புல்கறைகூடப் படவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு அணி இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. ஏரிக்கரைக் கடைகளில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் வெண்டலுக்குப் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். அவரும் மறுக்காமல் குடித்துவிட்டு, கதையை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

அடுத்த வசந்தத்தில் அதே ஃபார்கோ கடையில் கஸ் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"யோவ், இருபது வருஷமா பொய் சொல்லிட்டு, திடீர்னு உண்மையச் சொல்லிக் கவுத்துட்டியே. நீயெல்லாம் மனுஷனா?"

"நான் சொன்னேன். நீ கேக்கல."

"சரி போ. இந்த வருஷம் யாரு ஒசத்தி?"

வெண்டல் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னார்.

கஸ் அவர் முகத்தையே பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். அவருடைய தட்டில் ஆப்பிள் பை ஆறிக்கொண்டிருந்தது. வெண்டல் தன்னுடையதை முடித்துவிட்டு, அதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.