எழுதிப் பார்த்துவிட்டுப் பேசு

என் அக்கா புருஷனைப் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'கிராமர் சார்' என்றால் வழி காட்டுவார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். தையல்கடைக்கு மேலே ஒரே அறை. கீழே மிஷின் ஓடினால் மேலே பெஞ்சு அதிரும்.

பாடம் நடத்துவதில் மனுஷனைக் குறை சொல்ல முடியாது.

"ரெயின்னா மழை, கோட்டுன்னா கோட்டு. சேர்ந்தா ரெயின்கோட்டு, காம்பவுண்ட் வேர்டு. மழையால செஞ்ச கோட்டுன்னு எழுதி வெச்சீங்க, தொலைச்சிருவேன்" என்பார். வகுப்பே சிரிக்கும். அடுத்து காம்பவுண்ட் சென்டென்ஸ். "நான் வார்டுக்குப் போனேன். இது தனியா நிக்கும். டாக்டர் வரல. இதுவும் தனியா நிக்கும். நடுவுல 'பட்' போட்டா ரெண்டும் ஒண்ணு. பட்டுக்கு முன்னாடி கமா. கமா எங்க?"

அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. எதையும் முதலில் தாளில் எழுதி, அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வாய் திறக்கலாம். நடுவில் தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. பொம்பளைப் பிள்ளைகள் பேச்சு மறந்து, எழுதுவதில் புலியானார்கள்.

என் அக்காவும் நர்ஸ்தான். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. வார்டில் வந்து படுத்த வெளிநாட்டு நோயாளிகளோடு வாயடித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டாள். பரீட்சையில் தேறினாள், வேலையும் வந்தது. மகளைக் கூடவே அழைத்துப் போகலாம். புருஷன் வர வேண்டுமென்றால் அவரும் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

"மாமாவுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

தேர்வு நடத்திய அம்மாள், உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாளாம். எழுதிப் பார்க்கத் தாள் இல்லை. இவர் மனசுக்குள்ளேயே வாக்கியத்தைக் கட்டியிருக்கிறார். வீடு சிறியது என்று ஆரம்பித்து, பிடிக்காமல் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்திருக்கிறார். அவள் அடுத்த கேள்விக்குப் போனால், இருங்கள், முதலில் அதை முடிக்கிறேன் என்று கை காட்டியிருக்கிறார். நேரம் முடிந்துவிட்டது.

"பாதி வாக்கியத்துல எப்படி விடுறது?" என்று அன்று சாயங்காலம் எங்களிடமே நியாயம் கேட்டார்.

அதே நாளில் தேறிய அவருடைய மாணவி ஒருத்தி நன்றி சொல்ல வந்தாள். அப்பாவி. "எழுதிப் பார்க்க எங்க சார் நேரம்? வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்" என்றாள். மாமா முகம் செத்துப்போயிற்று. மறுநாளிலிருந்து வகுப்பில் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை எழுதவைத்தார்.

அக்காவும் மகளும் கிளம்பிப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மறுபடி பரீட்சைக்கு எழுதிப் போடுங்க. தப்போ சரியோ, நிறுத்தாம பேசுங்க. தேறிடுவீங்க" என்றாள்.

"தப்பாப் பேசாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நானே போய் உளறவா? எவ என்னை மதிப்பா?"

"எங்களை விட உங்களுக்கு அந்த மதிப்புதான் பெருசா?"

மாமா கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல எனக்குக் கை துறுதுறுத்தது. அதற்குள் குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் புதிதாய்ப் பிடித்த இங்கிலீஷில், "டாடி, வென் யூ கமிங்?" என்றது.

"தப்பு. வென் ஆர் யூ கமிங். எங்க, முழுசா கேளு."

குழந்தை ஒவ்வொரு வார்த்தையாக, ஒரு பிசிறு இல்லாமல், முழுதாய்க் கேட்டது.

மாமா போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.